பச்சை மொட்டையில் வந்து இறங்கிய வீடு

வேல்ஸ் தேசத்து மேட்டுநிலத்தில், மனிதர்களைவிட ஆடுகள் அதிகமாகவும் ஆடுகளைவிட மழை அதிகமாகவும் இருக்கிற லான்ஹெலி என்னும் சிற்றூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையின் புல் உச்சியில் ஒரு வீடு இருந்தது. சிமெண்டு பூசி ரோஸ் கலர் அடித்து, முன்னால் கிரில் கேட்டும் மாடியில் கருப்புத் தண்ணீர்த் தொட்டியும் வைத்த வீடு. அதன் பின்பக்கத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் அங்கே புல்லும் ஒரு கற்குவியலும் தவிர வேறொன்றும் கிடையாது என்பதற்கு ஊரே சாட்சி. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்தவர்கள் பார்த்தார்கள், ஆட்டுக்குத் தீவனம் கொண்டுபோனவர்கள் பார்த்தார்கள், சர்ச்சுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கையை மாட்டியும் ஒரு கையை மாட்டாமலும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அந்த வீட்டை அடையாளம் தெரிந்த ஒரே ஆள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த இசக்கியம்மாள். அவள் அப்போதுதான் தன் வாடகை அறையில் கண்விழித்து, போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போனில் அவள் தம்பி சங்கரபாண்டி. அவன் தென்காசிப் பக்கம் மேலப்புளியங்குளத்தில், அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருப்பவன். அவர்களுக்கு விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டிருந்தானாம். இவள் முதல் நாள் மலை ஏறின களைப்பில் கட்டை மாதிரி தூங்கிவிட்டாள்.

"யக்கா, வீட்டக் காணும்."

"என்னத்தடே காணும்?"

"வீட்ட. ஒன் வீட்ட. மனை மட்டும் மொட்டையா கெடக்கு. அத்தானையும் காணும், பிள்ளையையும் காணும். போஸ்ட்டு மரத்துல இருந்து வர்ற வயரு பாதில அந்தரத்துல நிக்கி. நாங்க ஊர் பூரா தேடியாச்சி."

ஊர் பூராவும் தேடிக் கிடைக்கிற சாமானா வீடு என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கால் அவளைத் தானாக ஜன்னலுக்குக் கொண்டுபோயிற்று. மலை தெரிந்தது, உச்சி தெரிந்தது, போன தீபாவளிக்கு அவள் அனுப்பிய பணத்தில் அடித்த ரோஸ் கலர் தெரிந்தது. இசக்கியம்மாள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் தான் செய்துவிட்டு வந்த காரியம் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

லான்ஹெலியில் சனிக்கிழமை மழை இல்லாவிட்டால் மலை ஏறுவார்கள், மழை பெய்தாலும் ஏறுவார்கள். அங்கே கும்பிட சாமி கிடையாது, பறிக்க மூலிகை கிடையாது, வெட்ட விறகு கிடையாது. சும்மா ஏறி, சும்மா நின்று, பிளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் குடித்துவிட்டுச் சும்மா இறங்குவார்கள். இதைக் கேள்விப்பட்ட நாளில் இசக்கியம்மாள், வேலை இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டாள். வந்து சில வருஷங்கள் ஆகியும் அவள் ஏறினது இல்லை. பகலெல்லாம் வார்டு, மற்ற நேரம் போனில் மகள் முகம், அவ்வளவுதான் அவள் பிழைப்பு. அந்த வாரம்தான் புருஷனுக்கும் மகளுக்கும் கேட்டிருந்த விசா மறுபடியும் இல்லை என்று வந்திருந்தது. குடும்பம் தங்குவதற்கு ஒரு வீடு இல்லை, ஓர் ஆள் படுக்கிற அறைதான் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். வீட்டுக்காரி நெஸ்டா, புருஷனை இழந்து தனியாக இருப்பவள், ஊர் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள், அடுப்படியில் இவள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து எதுவும் கேட்காமல் தன் மகளின் பழைய பூட்சைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "போட்டுக்கோ இஸி. நாளைக்கு நீயும் வர்ற," என்றாள்.

மலைக்கு மொய்ல் லாஸ் என்று பேர். அவர்கள் பாஷையில் பச்சை மொட்டை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற இட்வால் என்கிற பெரியவர் முன்னால் போனார், அவர் குச்சி போகிற வழியில் மற்றவர்கள் போனார்கள். அடிவாரத்து ஓடையில் ஆளுக்கொரு கல் எடுக்கச் சொன்னார். ஏன் என்று இவள் கேட்கவில்லை, மலைக்குப் போகிறபோது சொன்னதைச் செய்வதுதானே வழக்கம் என்று எடுத்துக்கொண்டாள். மரப்படி ஏறிக் கல்வேலியைத் தாண்டி, இடுப்புயரப் பெரணிச் செடிக்குள் நுழைந்து, கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் உறிஞ்சுகிற கருப்புச் சதுப்பைச் சுற்றி, இதோ உச்சி என்று மூச்சு வாங்க ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொரு உச்சியும், அதையும் ஏறினால் அதற்கும் பின்னால் ஒன்றுமாக அந்த மலை அவளை ஏமாற்றிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. நாலா பக்கமும் வானம், காலடியில் ஆடு மேய்ந்து மேய்ந்து பாய் விரித்தாற்போல ஆகிவிட்ட புல், காதை அறைகிற காற்று. நடுவில் ஆள் உயரத்துக்குக் கற்குவியல்.

எல்லாரும் கொண்டுவந்த கல்லைக் குவியலின் மேல் வைத்தார்கள். வழி தவறாமல் இருக்கவும், வந்துபோன அடையாளத்துக்கும்தான் அந்தக் கல் என்பதை இட்வால் பிற்பாடு அவளுக்கு விளக்கிச் சொன்னார். அப்போது அவளுக்கு அது தெரியாது. நம் பக்கத்து மலைக்கோயில்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் வழியோரம் கல்லை அடுக்கி வைத்துவிட்டு வருவார்கள். இசக்கியம்மாள் அந்தக் குவியலைப் பார்த்து, ஐயோ பாவம், இந்தச் சின்ன ஊரில் இத்தனை பேருக்கா வீடு இல்லை என்று மனசு இளகினாள். பூட்சைக் கழற்றி ஓரமாய் வைத்தாள். குவியலுக்கு அந்தப் பக்கம் போய், இரண்டு கல்லைச் சுவராக நிறுத்தி, ஓடையில் எடுத்த தட்டைக் கல்லை மேலே கூரையாக வைத்தாள். இது எந்தச் சாமியின் மலை என்று தெரியாததால், "யாரா இருந்தாலும் சரி, நாங்க மூணு பேரும் ஒண்ணா இருக்க ஒரு வீடு குடு," என்று வேண்டிக்கொண்டாள். எந்த வீடு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இப்போது அதே மலையில் அவள் மூச்சு விடாமல் ஏறினாள். பின்னால் இட்வாலும் நெஸ்டாவும், அவர்களுக்குப் பின்னால் பாதி ஊரும். பொய் உச்சிகள் ஒன்றுகூட அவளை ஏமாற்றவில்லை. அவள் கண் ரோஸ் கலரிலேயே இருந்தது. கிரில் கேட்டுக்கு முன்னால், வாசற்படியில், லுங்கியும் தலையில் துண்டும் கட்டிக்கொண்டு அவள் புருஷன் கோமதிநாயகம் கைகளைக் கக்கத்தில் செருகியபடி நடுங்கிக்கொண்டு நின்றான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். எவ்வளவு கூட்டத்திலும் நிதானம் தப்பாத ஆள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏளா," என்றான் அவளைப் பார்த்ததும். "நீ எப்பம் ஊருக்கு வந்த?"

"நான் வரல," என்றாள் அவள். "நீங்கதான் வந்திருக்கிய."

முதல் டூட்டிக்கு எழுந்தவனுக்கு அன்று விடியவே இல்லை. கடிகாரம் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, வெளியே மட்டும் இருட்டு. கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அடித்தது, தெரு இருந்த இடத்தில் பனி நின்றது, பனிக்குள் ஏதோ ஒன்று மே என்றது. கதவைச் சாத்திவிட்டான். பிள்ளையை எழுப்பிக் கிளப்பினான், ஏனென்றால் கடிகாரம் சொன்னபடி அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் நேரம் ஆகிவிட்டது. கடைசியில் வானம் லேசாக வெளுத்தபோது, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், தினமும் செய்கிற ஒரு வேலையையாவது செய்வோம் என்று பின்கட்டுக்குப் போய் வெந்நீர் அடுப்பில் தேங்காய் மட்டையை வைத்துப் பற்றவைத்தான். லான்ஹெலி பார்த்த புகை அதுதான்.

உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில், யூனிஃபார்ம் போட்டு இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டி, மடியில் புத்தகப் பையோடு கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். போனில் பார்த்ததைவிட நெட்டையாக இருந்தாள். அம்மாவைப் பார்த்தவள் எழுந்து ஓடி வரவில்லை. பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். போனுக்குள் இருக்கிற அம்மா போனை விட்டு வெளியே வந்து நின்றதில் பிள்ளை விறைத்துப்போயிருந்தாள். இசக்கியம்மாள் கிட்டப் போய் அவள் கையைத் தொட்டாள். கை சுட்டது, போனில் தெரியாத சூடு. அப்போதுதான் இருவருக்கும் அழுகை வந்தது.

வெளியே படிக்குக் கீழே ஊர் நின்றது. லான்ஹெலிக்காரர்களுக்கும் அதிர்ச்சிதான், ஆனால் அவர்களுக்கு அதிர்ச்சியை வைக்க ஓர் இடம் இருந்தது. நெஸ்டாதான் அதைச் சொன்னாள். பொது நிலத்தில் ஒரே ராத்திரியில் வீடு எழுப்பி, விடிகிறபோது அதிலிருந்து புகை வந்துவிட்டால் அந்த வீடு எழுப்பினவருக்கே சொந்தம், யாரும் இறக்கிவிட முடியாது, இது அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். அதற்கப்புறம் வீட்டுக்காரர் வாசலில் நின்று ஒரு கோடாலியை எறிய வேண்டும், அது விழுகிற இடம் வரைக்கும் நிலமும் அவருக்குத்தான்.

"புகையை நான் பார்த்தேன்," என்றார் இட்வால், சாட்சிக் கூண்டில் நிற்பவர் போல. "விடியும்போதே பார்த்தேன். ஆனா இந்த வழக்கத்துல வீடு கட்டி நான் கேள்விப்பட்டதெல்லாம் மண் வீடு. தண்ணித் தொட்டியோட யாரும் கட்டினதா கேள்விப்படல."

அதோடு ஊர் சம்மதித்துவிட்டது. எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒற்றை ராத்திரி வீட்டைப் பற்றி அப்படிக் கேட்பது மரியாதை இல்லையாம். ஊரில் தேடிக்கொண்டிருந்த சங்கரபாண்டிக்கும் போனில் விஷயம் போயிற்று. அன்று மத்தியானமே வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. மலை ஏறி வந்தவர்கள் வாசலில் பூட்சைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சிவப்புத் தரையில் ஈரச் சாக்ஸோடு உட்கார்ந்து, கோமதிநாயகம் ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்தார்கள். பூட்ஸ்கள் ஒரு குவியலாயின, கற்குவியலைவிடப் பெரிதாக. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மேலப்புளியங்குளத்துப் பஞ்சாயத்துத் தண்ணீர் வந்தது, வருகிற நாளில் குடமெல்லாம் நிரப்பி வைத்தார்கள். அங்கே கரண்ட் போனால் இங்கே ஃபேன் நின்றது. இங்கே ஃபேன் எதற்கு என்று இட்வால் கேட்டார். ஃபேன் ஓடாமல் எப்படித் தூங்குவது என்று கோமதிநாயகம் கேட்டான், இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு. இருவருக்கும் பாஷை ஒத்துப்போகவில்லை, பஸ் ஒத்துப்போயிற்று. கூரை ஒழுகின பஸ், பிரேக் பிடிக்காத இறக்கம், சில்லறை தராத பயணி என்று கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

இசக்கியம்மாள் கல் வைத்து வேண்டிய கதை வெளியே தெரிந்து, இரண்டே நாளில் ஊர்க்கூட்டம் கூடி, உச்சியில் யாரும் மூன்று கல்லைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது. அதற்குள் ஊர்ப் பையன்கள் பலரும் திருட்டுத்தனமாகப் போய் அடுக்கிவிட்டு வந்திருந்தார்கள். வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று வீடுகளை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டதில் அந்தப் பையன்களுக்குச் சொந்த ஊரில் வீடு கிடையாது. அவர்கள் யாருக்கும் எதுவும் வரவில்லை. இசக்கியம்மாளுக்கு அவர்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பிறகு, விசா இலாகாவிலிருந்து, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பேர் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். ஒரு பெண், ஓர் ஆண். வீட்டை அவர்களும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். அப்புறம் அந்த அம்மாள், கெட்ட மனுஷி இல்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்: கப்பலிலும் வரவில்லை, விமானத்திலும் வரவில்லை என்பதால் இவர்கள் இன்னும் இந்த நாட்டுக்குள் வந்ததாகவே கணக்கில்லை, வீட்டுக்குள்ளும் வாசற்படியிலும் இருக்கிற வரைக்கும் சொந்த ஊரில் இருப்பதாகத்தான் அர்த்தம், படியை விட்டுப் புல்லில் கால் வைத்தால் வந்ததாகிவிடும், வந்துவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிடும், வரும் சனிக்கிழமை மேலிடத்து முடிவோடு வருகிறோம்.

அன்றிலிருந்து கனிஷ்காவுக்கு உலகம் கடைசிப் படியோடு முடிந்தது. இசக்கியம்மாள் வேலை முடிந்ததும் மலை ஏறுவாள், மகளோடு படுப்பாள், விடிந்ததும் இறங்கி வார்டுக்குப் போவாள். முழங்கால் வீங்கியது, அவள் கண்டுகொள்ளவில்லை. எத்தனையோ இரவுகளாக இல்லாத தூக்கம் அந்த வீட்டில் அவளுக்கு வந்தது. ஆனால் அவள் வருகிறபோதெல்லாம் பிள்ளை கடைசிப் படியின் விளிம்பில் விரல்களை மடக்கி நின்றுகொண்டு, மேய்கிற ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "உள்ள வா, உள்ள வா," என்று அப்பன் குரல் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும்.

கோடாலியை எறிந்துவிட்டால் படிக்குக் கீழே இருக்கிற புல்லும் நம் வாசல் ஆகிவிடும் என்று நெஸ்டா திரும்பத் திரும்பச் சொன்னாள். வழக்கத்தை முழுசாகச் செய்யாமல் வைத்திருந்தால் சனிக்கிழமை வருகிறவர்களிடம் பேச ஊருக்கு வாய் இருக்காது என்றார் இட்வால். கோமதிநாயகம் மட்டை பிளக்கிற கோடாலியை, பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றிய சின்னக் கோடாலியை, எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டான்.

"எங்க வச்சிருக்கிய?" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கேட்டாள்.

"எறிய மாட்டேன்."

"எதுக்கு?"

"எறிஞ்சா வீடு இந்த ஊருக்காயிரும். அப்புறம் திரும்பிப் போகாது. அங்க எம் மனை சும்மா கெடக்கு. பத்து நாளு பாப்பான், பதினோராம் நாளு எவனாவது கல்லு ஊனிருவான். எனக்கு டூட்டி இருக்கு. நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தவன்."

"நாங்க மூணு பேரும் ஒண்ணா இருக்கணும்னுதான கேட்டேன்."

"கேட்ட. ஒரு வீடு கேட்ட, ஒனக்குக் கெடச்சிட்டு. ஒரு ஊரு போச்சில்லா எனக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வேலைக்கு வந்தபோதும் அவள் அவனைக் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தாள். பிள்ளையை நாளைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயமும், இவனை இப்படிப் பிடுங்கிக்கொண்டு வந்து மலை மேல் நிறுத்திவிட்டோமே என்ற வருத்தமும் சேர்ந்து அன்று ராத்திரி அவளைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை காலையில் வெயில் அடித்தது, அந்த ஊருக்கு அதுவே ஓர் அதிசயம். ஊர் முழுவதும் உச்சியில் கூடியது. அட்டை தொங்கவிட்ட இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல், உச்சி உச்சியாகவே இருக்க வேண்டுமாம், திங்கட்கிழமை வீட்டை இடித்து எடுத்துவிட்டு இருவரையும் அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றாள். இட்வால் குச்சியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து ஒற்றை ராத்திரி வீட்டு வழக்கத்தைச் சொன்னார். அந்த அம்மாளும் வேல்ஸ்காரிதான். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன்," என்றாள் அவள் மெதுவாக. "கோடாலி எறிஞ்சாச்சா?"

எல்லாரும் கோமதிநாயகத்தைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டுக்குட்டி, பால்குடி மறக்காதது, கூட்டத்துக்குள் புகுந்து படிக்குக் கிட்டே வந்து நின்றது. கனிஷ்கா அதைத் தொடுவதற்குக் குனிந்தாள். கை எட்டவில்லை. இன்னும் குனிந்தாள், ஒரு கால் படியை விட்டு எழுந்து புல்லுக்கு மேலே போயிற்று. கோமதிநாயகம் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் பிள்ளை படியில் விழுந்து முழங்கை சிராய்ந்தது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. ரத்தத்தை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டு, "நான் கால வைக்கலப்பா," என்றாள். "நான் வைக்கவே இல்லப்பா."

அவன் அவள் தோளிலிருந்து கையை எடுத்தான். அப்புறம் உள்ளே போனான். அரிசி டிரம்மைத் திறக்கிற சத்தம் கேட்டது. அரிசி ஒட்டின கோடாலியைக் கொண்டுவந்து பெண்டாட்டி கையில் கொடுத்தான்.

"நீயே எறி. நீ கேட்டுத்தான வந்துச்சி."

"நீங்க சொன்னாத்தான் எறிவேன்," என்றாள் இசக்கியம்மாள். "இந்தத் தடவ கேக்கேன். எறியட்டுமா?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "எறி."

படுக்கையில் கிடக்கிற நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி உரமேறிய தோள் அவளுக்கு. வாசற்படியில் நின்று, கண்ணை மூடாமல், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தாள். கோடாலி சுழன்றுகொண்டு மேலே போயிற்று, கூட்டத்தின் தலைக்கு மேலே, ஆடுகளுக்கு மேலே, கற்குவியலுக்கு மேலே, புல் முடிந்து பள்ளத்தாக்கு தொடங்குகிற விளிம்பையும் தாண்டி, வெயிலில் ஒரு தடவை மின்னிவிட்டு, இறங்கவில்லை. எல்லாரும் அண்ணாந்தபடி நின்றார்கள். அது விழுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். காற்றுகூட நின்றிருந்தது. சத்தம் வரவே இல்லை.

"விழாம எப்படி இருக்கும்?" என்றார் இட்வால். வீடு வந்தபோது நிதானமாக இருந்தவர்கள் எல்லாரும் இப்போது பதறிப்போனார்கள். வீடு வருவதற்கு வழக்கம் இருந்தது, கோடாலி விழாமல் போவதற்கு எந்த வழக்கமும் இல்லை. விழாவிட்டால் நிலமும் இல்லை, ஒன்றும் இல்லை. நெஸ்டா தலையில் கை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். இசக்கியம்மாளின் கை எறிந்தபடியே முன்னால் நீண்டிருந்தது, அதை இறக்க அவளுக்குத் தோன்றவில்லை.

போன் அடித்தது.

"யக்கா," என்றான் சங்கரபாண்டி. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "நம்ம மனைல ஒரு கோடாலி வந்து விழுந்திருக்கு."

"மனைல கோடாலியாம்," என்று அவள் போனை நீட்டினாள். கோமதிநாயகம் போனை வாங்கினான்.

"என்ன கோடாலிடே?"

"ஒங்க கோடாலிதான் அத்தான். பிடில ட்யூப்பு சுத்தினது. நான் வேலிக்கிட்ட நிக்கேன், மேல இருந்து விர்ருனு வந்து குத்திச்சி. தொட்டுப் பாத்தேன், ஐஸ் மாதிரி இருக்கு. அரிசி ஒட்டிருக்கு."

"எந்த எடத்துல?"

"வாசல்ல அத்தான். கோலம் போடுற எடத்துல."

கோமதிநாயகம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இசக்கியம்மாள் விஷயத்தை மற்றவர்களுக்குச் சொன்னாள், முதல் தடவை யாருக்கும் புரியவில்லை, இன்னொரு தடவை சொன்னாள். இட்வால் தொப்பியைக் கழற்றினார். மலையை ஒரு தடவை பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கோடாலி போன திசையை வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ அதுவரைக்கும் இவங்க நிலம்," என்றார். "விழுந்த இடம் வரைக்கும். வழக்கம் அப்படித்தான்."

அட்டை தொங்கவிட்ட அம்மாளின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் கூட வந்தவன் அவள் காதில் ஏதோ சொன்னான், அவள் கேட்கவில்லை. தான் நிற்கிற புல்லைக் குனிந்து பார்த்தாள். முன்னால் ஓர் அடி வைத்துப் பார்த்தாள், பின்னால் ஓர் அடி வைத்துப் பார்த்தாள். கேட்காமல் ஒருத்தர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவளின் கூச்சம் அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்துக் கூட்டத்தில் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை மொட்டையின் உச்சியில் பூட்ஸ் போட்ட கால் ஒன்றுகூட இல்லை.

கனிஷ்கா கடைசிப் படியின் விளிம்பில் விரல்களை மடக்கி நின்றிருந்தாள்.

"யம்மா, எறங்கலாமா?"

இசக்கியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். பிள்ளை ஒரு காலை வைத்தாள். புல் ஜில்லென்றிருக்க வேண்டும், சட்டென்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் வைத்தாள். இரண்டாவது காலையும் வைத்தாள். கோடாலி போன திசையில், இரட்டைச் சடை முதுகில் அடிக்க, முதலில் நடந்தும் அப்புறம் ஓடியும் போகத் தொடங்கினாள்.

"பாத்துப் போ," என்று கோமதிநாயகம் பின்னாலிருந்து சத்தம் கொடுத்தான், கையில் போன் இன்னும் இருந்தது. "மாமா அங்கன வாசல்லதான் நிக்கான்."